ஆகஸ்ட் கணிப்பும் மன்ஹாட்டன் நகரத்து அணியும்

அமெரிக்காவில் ஆகஸ்ட் பிறந்ததும் கல்லூரிக் கால்பந்துப் பேச்சு சூடுபிடித்துவிடும். நாம் பார்த்துப் பழகிய உதைபந்தாட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்காப்பும் மாட்டிக்கொண்டு, பதினொருவர் பதினொருவரை நெட்டித் தள்ளி எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடக்கும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சீசன் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே எந்த அணி எத்தனை ஆட்டம் வெல்லும், எந்த இடத்தில் முடிக்கும் என்று எழுதிவிடுவது அங்கே நெடுநாள் வழக்கம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936ல் வாராந்தரத் தரவரிசையைத் தொடங்கியது. 1950 முதல் சீசனுக்கு முந்தைய தரவரிசையையும் வெளியிடுகிறது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் ஆண்டிதழ் 1940களிலிருந்தே கோடைக்காலத்தில் கடைக்கு வந்துகொண்டிருந்தது. இந்த முன்னோட்டங்களின் அச்சு ஏறக்குறைய மாறுவதே இல்லை. போன ஆண்டு எத்தனை வெற்றி, தாக்குதலுக்கும் தற்காப்புக்குமான முதல் வரிசை வீரர்கள் இருபத்திரண்டு பேரில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் யார், இந்த ஆண்டு யார் யாருடன் ஆட்டம், அவ்வளவுதான். பலமான அணிகளை ஒப்பிட இந்தக் கணக்கு நன்றாகவே உதவும். அடிமட்டத்தில் கிடந்து தன்னை மறுபடி கட்டிக்கொண்டிருக்கும் அணியிடம் இதே அளவுகோலைக் கொண்டுபோனால், இந்த ஆண்டு எத்தனை தோல்வி என்பதை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். அந்த அணி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லாது. முதல் கேள்விக்குக் கிடைத்த சரியான விடையை இரண்டாம் கேள்விக்கும் விடையாக வைத்துக்கொள்வதுதான் இந்த வழக்கத்தின் பெரிய கோளாறு. அதற்குக் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 1989ஆம் ஆண்டைவிடத் தெளிவான சாட்சி கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் இல்லை என்பது என் கருத்து.

கான்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன், நியூயார்க்கின் மன்ஹாட்டனோடு பெயரை மட்டும் பகிர்ந்துகொள்ளும் சிற்றூர். சுற்றிலும் ஃபிளின்ட் ஹில்ஸ் எனும் புல்வெளிக் குன்றுகள், மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் கோதுமை. வேளாண்மையும் தொழிற்கல்வியும் சொல்லிக்கொடுப்பதற்காக மத்திய அரசு நிலம் கொடுத்து நிறுவச் செய்த கல்லூரிகளில் ஒன்றாக 1863ல் இங்கே பல்கலைக்கழகம் தோன்றியது. 1896ல் கால்பந்து ஆடத் தொடங்கியது. 1990 கணக்குப்படி மாநிலத்தின் மக்கள்தொகையே இருபத்தைந்து லட்சத்துக்குள்தான். அதற்குள் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தொலைவில், லாரன்ஸ் நகரில், கான்சாஸ் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு பெரிய போட்டியாளர். இருக்கிற நல்ல பையன்களை இரண்டு பேரும் பங்குபோட வேண்டும். ஆடியாக வேண்டிய லீக்கோ பிக் எய்ட். நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் ஆண்டுதோறும் தேசியப் பட்டத்துக்குக் குறிவைக்கும் இடம். கான்சாஸ் ஸ்டேட்டோ 1934ல் ஒரு லீக் பட்டம் வென்றதோடு சரி. 1945க்கும் 1948க்கும் இடையே தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றார்கள். 1945 முதல் 1988 வரையிலான 44 சீசன்களில் தோல்வியைவிட வெற்றி கூடுதலாக இருந்தவை நான்கே நான்கு: 1953, 1954, 1970, 1982. 1988 முடிவில் மொத்தக் கணக்கு 299 வெற்றி, 510 தோல்வி, 41 சமநிலை. முதல் பிரிவுக் கல்லூரி அணிகளில் ஐந்நூறு தோல்வியை முதலில் தொட்டது இவர்கள்தான்.

இடையில் முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1967ல் கோச்சாக வந்த வின்ஸ் கிப்சன் ஊரையே ஊதா நிறத்தால் அலங்கரித்து உற்சாகம் ஊட்டினார். லின் டிக்கி என்ற குவாட்டர்பேக்கின் கைவண்ணத்தில் 1969ல் ஓக்லஹோமாவை 59-21 என்று நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டு வெற்றி சீசனும் வந்தது, கூடவே விதிமீறலுக்கான தண்டனையும் வந்தது, கட்டியது சரிந்தது. பிறகு ஜிம் டிக்கி வந்தார். கல்லூரி வீரர் ஒருவர் நான்கு சீசன்தான் ஆடலாம், ஆனால் அதை ஐந்து ஆண்டுகளுக்குள் பரப்பிக்கொள்ளலாம். ஓராண்டு வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேற்றுவதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். ஜிம் டிக்கி 1981ல் தன் மூத்த வீரர்கள் பலரை மொத்தமாக அப்படி உட்காரவைத்தார். அந்த ஆண்டு 2-9, அதாவது 2 வெற்றி, 9 தோல்வி. மறு ஆண்டு 6-5-1, பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதல் முறையாகப் பருவமுடிவுச் சிறப்பு ஆட்டம் ஒன்றுக்கு அழைப்பு. புத்திசாலித்தனமான யுக்திதான். ஆனால் அது அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்த விதைநெல்லையும் சேர்த்து உலையில் போட்ட கதை. அந்த மூத்தவர்கள் போனதும் பின்னால் யாருமில்லை. 1985ல் 1-10. அடுத்து வந்த ஸ்டான் பாரிஷ் மூன்று ஆண்டுகளில் 2 வெற்றி, 30 தோல்வி, 1 சமநிலை. 1988 அக்டோபரில் ஓக்லஹோமா இவர்கள்மேல் ஓடியே 768 கெஜம் சேர்த்தது. ஓர் ஆட்டத்தில் ஓட்டத்தால் எடுத்த கெஜங்களில் அது கல்லூரி ஆட்டச் சாதனை. ஸ்கோர் 70-24.

இந்த நிலையில்தான் 1989 சீசன் வாசலில் நின்றது. கடைசியாக வென்று 27 ஆட்டங்கள் ஆகியிருந்தன. அணியை பிக் எய்ட்டிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டியிருக்குமோ என்ற பேச்சு பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே எழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் வார இதழ் நாட்டிலேயே கையாலாகாத அணி இதுதான் என்று விரிவான கட்டுரையே வெளியிட்டது. முதலிடக்காரர்களைப் பற்றித்தான் முன்னோட்டம் எழுதுவார்கள் என்ற வழக்கத்தை மீறி, கடைசி இடத்துக்காரருக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியது அபூர்வம்தான். அதில் இருந்த எண்கள் சரியானவை. கேலிக்கும் காரணம் இருந்தது. கட்டுரையின் பார்வை முழுவதும் 93 சீசன்களின் கணக்கேட்டின் மேலேயே இருந்தது என்பதுதான் என் குறை. கணக்கேடு ஒரு நிறுவனத்தின் ஜாதகம் அல்ல. தோல்வி தானாகத் தொடர்வதில்லை. அதைத் தொடரவைக்கும் காரணங்கள் தொடர்ந்தால்தான் தொடரும். அந்தக் காரணங்களில் எதை யார் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், 1989 கோடையிலேயே கண்ணில் படக்கூடிய சில விஷயங்கள் மன்ஹாட்டனில் இருந்தன.

முதலாவது, புதிதாக வந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பது. 1988 நவம்பர் இறுதியில் தலைமைக் கோச்சாக அறிவிக்கப்பட்ட பில் ஸ்னைடருக்கு அப்போது வயது 49. பல்கலைக்கழக அளவில் தலைமைப் பொறுப்பு அதுவரை ஏற்றதில்லை, அதனால் முன்னோட்டக்காரர்களுக்கு அவர் ஒரு பெயர் மட்டும். ஆனால் 1979 முதல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹெய்டன் ஃபிரையின் கீழ்த் தாக்குதல் ஆட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். அதற்கு முந்தைய பதினேழு சீசன்களில் ஒன்றில்கூட தோல்வியைவிட வெற்றி கூடுதலாக வராத அணி அயோவா. ஃபிரையின் மூன்றாவது ஆண்டான 1981ல் ரோஸ் பவுல் என்ற பருவமுடிவுச் சிறப்பு ஆட்டத்தில் ஆடியது. ஆக, சிதைந்த ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பும் வேலையை ஒருமுறை பக்கத்திலிருந்தே செய்து பழகிய ஆள் வந்திருந்தார். இரண்டாவது, மேலிடம். 1986ல் பொறுப்பேற்ற பல்கலைக்கழகத் தலைவர் ஜான் வெஃபால்ட், கால்பந்தை மூடுவதா நடத்துவதா என்ற கேள்விக்கு நடத்துவது என்று விடை சொல்லி, அதற்கான பணத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தார். அவர் 2009 வரை அந்த நாற்காலியில் இருந்தார். மூன்றாவது, உதவிக் கோச்சுகள். அயோவாவில் தன்னிடம் ஆடியவர்களையும் தன்னோடு வேலை பார்த்தவர்களையும் ஸ்னைடர் அழைத்து வந்தார். அவர்களில் பலர் பிறகு நாடறிந்த பெயர்கள் ஆனார்கள். அப்போது ஒருவரும் நாடறிந்தவர் இல்லை.

தலைக்கவசத்தையும் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த கையோடு ஸ்னைடர் பழைய சின்னத்தைத் தூக்கிவிட்டுப் புதியது கேட்டார். ஓவியர் டாம் புக்வால்டர் வரைந்து கொடுத்தது ஒரு காட்டுப்பூனையின் பக்கவாட்டு முகம்: அடர்ந்த ஊதா நிறம், காற்றில் பின்னோக்கிச் சீறுவதுபோல் சில கூர்மையான கீற்றுகள், மீசையோ உறுமலோ இல்லை. வெள்ளி நிறத் தலைக்கவசத்தின் இருபுறமும் அது ஏறியது. சாயம் பூசினால் அணி வென்றுவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் சொந்த ஊர்ப் பையன்களே அணியத் தயங்கும் சட்டை ஒன்றை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பையன்களை வரச் சொல்ல முடியாது. அந்தச் சின்னத்தை இன்று மன்ஹாட்டனின் தண்ணீர்த் தொட்டி முதல் கார் கண்ணாடி வரை பார்க்கலாம். ஆட்களைச் சேர்க்கும் வழியையும் மாற்றினார்கள். நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் கதவைத் தட்டும் பதினெட்டு வயது நட்சத்திரங்களின் பின்னால் ஓடி ஏமாறுவதை விட்டுவிட்டு, இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தேடினார்கள். அப்படிப்பட்ட கல்லூரிகள் கான்சாஸில் நிறையவே இருந்தன. அங்கிருந்து வருபவன் இருபது வயது ஆளாக, உடம்பு முற்றி, சண்டைக்குத் தயாராக வருவான். கூடவே ரெட்ஷர்ட்டையும் பயன்படுத்தினார்கள். ஆனால் ஜிம் டிக்கி செய்ததுபோல் ஒரே ஆண்டில் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக.

இவ்வளவுக்குப் பிறகும் 1989 முடிவு 1-10தான். அரிசோனா ஸ்டேட்டிடம் 31-0. கீழ்ப்பிரிவைச் சேர்ந்த நார்தர்ன் அயோவாவிடம் 10-8. நெப்ராஸ்காவிடம் 58-7, கொலராடோவிடம் 59-11. வெற்றி இல்லாத தொடர் முப்பது ஆட்டம் வரை நீண்டது. செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்சாஸுக்கு எதிராக நேரம் முழுதும் கரைந்துபோன நிலையில் மூன்று புள்ளி பின்தங்கி நின்றார்கள். கடைசி ஆட்டத்துண்டில் குவாட்டர்பேக் கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் கோட்டுக்குள் பிடித்தார். 20-17. அரங்கிலிருந்த கூட்டம் இறங்கி மைதானத்துக்குள் ஓடிவந்தது. 1986 அக்டோபருக்குப் பிறகு முதல் வெற்றி; அந்த ஆண்டில் கடைசி வெற்றியும் அதுவே. நார்த் டெக்சாஸும் அப்போது கீழ்ப்பிரிவு அணிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் முந்தைய ஆண்டின் சுழியம் இந்த ஆண்டு ஒன்றாயிற்று, அவ்வளவே. ஸ்கோர்களைக் கொஞ்சம் நின்று படித்தால் வேறொன்று தெரிகிறது. போன ஆண்டு எழுபது புள்ளி எடுத்த ஓக்லஹோமா இந்த ஆண்டு 42-19 என்று வென்றது. ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 17-13, கான்சாஸிடம் 21-16 என்று கைக்கெட்டும் தூரத்தில் தோற்றார்கள். பதினோரு ஆட்டத்தில் பெருந்தோல்விகள் இருந்தன, ஆனால் எல்லாமே பெருந்தோல்விகளாக இல்லை. 1990ல் 5-6. 1991ல் 7-4. 1992ல் மறுபடி 5-6 என்று ஒரு சறுக்கல். பொறுமையற்ற நிர்வாகமாக இருந்தால் அங்கேயே கோச்சை மாற்றியிருக்கும். 1993ல் 9-2-1, காப்பர் பவுல் ஆட்டத்தில் வயோமிங்கை 52-17 என்று வென்றார்கள். அதிலிருந்து தொடர்ந்து பதினோரு ஆண்டுகள் பருவமுடிவு ஆட்டங்களுக்குப் போனார்கள். 1997 முதல் 2003 வரையிலான ஏழு சீசன்களில் ஆறில் பதினோரு வெற்றி. 1998 நவம்பரில் நெப்ராஸ்காவை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக 40-30 என்று வீழ்த்தியபோது, கோச்சுகள் வாக்களிக்கும் தரவரிசையில் இவர்கள் நாட்டின் முதலிடத்தில் இருந்தார்கள்.

1989 முன்னோட்டம் சொன்னது நடந்ததே, பிறகு அதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். கடைசி இடம் என்றார்கள், கடைசி இடத்தில்தான் முடித்தார்கள். ஓராண்டுக் கணிப்பை ஓராண்டுக் கணிப்பாக மட்டும் வைத்துக்கொண்டால் இந்த வாதத்துக்கு மறுப்பில்லை. ஆனால் யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை. இந்த அணி உருப்படாது என்ற தீர்ப்பு கணிப்போடு சேர்ந்தே அச்சாகிறது. பெற்றோர் படிக்கிறார்கள், பள்ளிக் கோச்சு படிக்கிறார், நன்கொடை தருபவர் படிக்கிறார்; பையன் வேறு கல்லூரிக்குக் கையெழுத்துப் போடுகிறான். 1998 இறுதியில் இதற்கு இன்னொரு சான்று கிடைத்தது. பிக் எய்ட் விரிந்து உருவான பிக் 12 லீக்கின் இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 36-33 என்று தோற்ற கான்சாஸ் ஸ்டேட், தேசியப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்தது. பெரும் பரிசுத்தொகை ஆட்டங்களின் அமைப்பாளர்கள் நான்காம் இடத்து ஒஹையோ ஸ்டேட்டையும் எட்டாம் இடத்து ஃபுளோரிடாவையும் எடுத்துக்கொண்டு இவர்களைக் கைவிட்டார்கள். பிறகு விதியையே மாற்றி, மூன்றாம் இடத்துக்காரருக்கு இடம் உறுதி என்று எழுத வேண்டியதாயிற்று. புகழ் கணக்கேட்டைவிட மெதுவாக நகரும். பத்தாண்டு வெற்றிகூட அறுபதாண்டுப் பெயரை முழுதாக அழித்துவிடவில்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு. தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டிப் பொதுவிதி சொல்லலாமா? பொறுத்திருந்தும் உருப்படாத அணிகள் எத்தனையோ. அதே 1989ல் மறுபடி ஆடவந்த சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீரர்களுக்குத் திரைமறைவில் பணம் கொடுத்ததற்காக 1987 சீசன் முழுவதும் ரத்து; 1988ல் அவர்களே ஆடவில்லை. திரும்பி வந்த ஆண்டில் 2-9, ஹூஸ்டனிடம் 95-21. அதன் பிறகு 2008 வரை ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியைவிட வெற்றி கூடியது. 2009ல்தான் பருவமுடிவு ஆட்டம் ஒன்றை மறுபடி கண்டார்கள். பொறுமை மட்டும் மருந்தாக இருந்திருந்தால் இருபது ஆண்டு ஆகியிருக்காது. ஒப்புக்கொள்கிறேன். பொறுமை காட்டச் சொல்லி நான் இங்கே வாதாடவில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 2-9 என்ற எண்ணும் 1-10 என்ற எண்ணும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அடியில் இருப்பது வேறு வேறு. ஒன்று தண்டனையால் ஆளணியே அற்றுப்போய், அந்தப் பள்ளத்திலிருந்து புதுமுகங்களை வைத்து மீண்டும் தொடங்க நேர்ந்த இடம். மற்றது தலைவர், கோச்சு, உதவியாளர், ஆள்சேர்ப்பு என்ற நான்கும் ஒரே திசையில் திரும்பி, பலன் மட்டும் இன்னும் கைக்கு வராத இடம். முன்னோட்டத்தின் வழக்கமான கட்டங்களில் இந்த வேறுபாட்டை எழுத இடமே இல்லை.

ஆட்ட அட்டவணையைச் சுட்டுபவர்களும் இருக்கிறார்கள்: ஸ்னைடர் லீக்குக்கு வெளியே எளிய எதிரிகளாகப் பார்த்துப் பொறுக்கி வெற்றியைப் பெருக்கிக்கொண்டார். உண்மைதான். 1998ல் இந்தியானா ஸ்டேட்டை 66-0, நார்தர்ன் இலினாயை 73-7 என்று வென்றது எந்தத் திறமைக்கும் சோதனை அல்ல. ஆனால் தோற்றே பழகிய ஓர் அணிக்குச் சில வாரமாவது வென்று பழக்க வேண்டும் என்பது 1990ல் நியாயமான முடிவு. 1998ல் அதே முடிவைத் தொடர்ந்தது அவர்களுக்கே பாதகம் செய்தது என்றும் சொல்வேன். எப்படியானாலும் லீக் ஆட்டங்களை யாரும் பொறுக்கிக்கொள்ள முடியாது. 1998ல் எட்டு லீக் ஆட்டங்களையும் வென்றார்கள். காலம் ஒத்துழைத்தது என்பதிலும் உண்மை உண்டு: 1989ல் ஓர் அணி 95 பேருக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கலாம், 1994க்குள் அது 85 ஆனது. பெரிய அணிகள் பெஞ்சில் உட்காரவைத்திருந்த பையன்கள் வெளியே வந்தார்கள். ஆனால் அந்தக் கதவு எல்லா அடிமட்ட அணிகளுக்கும் ஒரே நேரத்தில்தான் திறந்தது. உள்ளே நுழையத் தயாராக நின்றவர்கள் சிலரே.

இது எல்லாம் ஒரு மனிதரின் திறமை, வழக்கத்தின் குறை அல்ல என்று சொல்பவர்கள் 2006ஐச் சுட்டுவார்கள். 2005 முடிவில் ஸ்னைடர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ரான் பிரின்ஸின் மூன்று ஆண்டுகளில் 17 வெற்றி, 20 தோல்வி. ஸ்னைடரே 2009ல் திரும்ப வந்து இரண்டாம் முறையாகக் கட்ட வேண்டியிருந்தது. அவரது தனித்திறமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. அந்த இரண்டாம் முறையிலும் முன்னோட்டங்கள் அதே இடத்தில் இடறின என்பதுதான் கவனிக்க வேண்டியது. பத்து அணிகள் கொண்ட பிக் 12ல் 2011லும் 2012லும் செய்தியாளர்கள் இவர்களைப் பட்டியலின் கீழ்ப்பாதியில் வைத்தார்கள். முதல் ஆண்டு 10-3. இரண்டாம் ஆண்டு 11-2, ஓக்லஹோமாவோடு பகிர்ந்துகொண்ட லீக் பட்டம். அவர் 2018ல் நிரந்தரமாக விலகிய பிறகு வந்த கிறிஸ் கிளீமன், 2022 பிக் 12 இறுதியில் டெக்சாஸ் கிறிஸ்டியன் அணியைக் கூடுதல் நேரத்தில் 31-28 என்று வென்று பட்டத்தைக் கொண்டுவந்தார். கட்டியவர் போன பின்னும் கட்டடம் நிற்கிறது.

இப்போதைய காலம் வேறு என்பது மெய்யான ஆட்சேபம். 2018ல் வீரர்கள் கல்லூரி மாறுவதற்கான பொதுப் பதிவேடு வந்தது. 2021ல், ஒருமுறை மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. இனி ஐந்தாண்டு மறுகட்டுமானம் எதற்கு, ஒரே கோடையில் அணியை வாங்கிவிடலாமே? 2024ல் இந்தியானா பல்கலைக்கழகம் அதைத்தான் செய்துகாட்டியதாகச் சொல்கிறார்கள். 2023ல் 3-9. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். முன்னோட்ட வாக்கெடுப்பில் பிக் டென் லீக்கின் பதினெட்டு அணிகளில் பதினேழாவது இடம். சீசனில் 11-1 என்று முடித்துத் தேசிய ப்ளேஆஃபுக்குப் போனார்கள். வேகம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் சிக்னெட்டி கடையில் கிடைத்த ஆட்களையெல்லாம் அள்ளிவரவில்லை. முன்பு தான் நடத்திய ஜேம்ஸ் மாடிசன் அணியிலிருந்து தன் முறையை ஏற்கெனவே அறிந்த வீரர்களையும், தன்னோடு உழைத்த உதவிக் கோச்சுகளையும் கூட்டிவந்தார். 1989ல் ஸ்னைடர் அயோவாவிலிருந்து செய்த அதே காரியம், விதி மாறியதால் வீரர்களையும் சேர்த்துச் செய்ய முடிந்தது. மறுபக்கம் கொலராடோ. 2022ல் 1-11, 2023ல் கோச்சாக வந்த டியான் சாண்டர்ஸ் அணியை ஏறக்குறைய முழுதாகவே மாற்றினார், முதல் மூன்று ஆட்டம் வென்று நாட்டையே பேசவைத்த பின் 4-8 என்று முடிந்தது. மறு ஆண்டு, அவரது முறை அணிக்குள் இறங்கிய பிறகு, 9-4. ஆளை வாங்க ஒரு கோடை போதும், சேர்ந்து ஆடப் பழகுவதற்கு அது போதவில்லை. திரும்பிவரும் முதல் வரிசை வீரர்களை எண்ணும் பழைய கணக்கு இந்தச் சூழலில் முன்னைவிட இன்னும் பயனற்றுப் போயிருக்கிறது.

கான்சாஸ் ஸ்டேட்டின் தோல்விக் கணக்கை எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. எழுதத் தெரியாதவர்களும் அல்லர். தங்கள் கையிலிருந்த படிவத்தை நிரப்பினார்கள். ஸ்னைடர் இரண்டு தவணையாக 27 சீசன்களில் 215 ஆட்டங்களை வென்றார். அவருக்கு முந்தைய 93 சீசன்கள் எல்லாம் சேர்ந்து 299. முன்னோட்டம் எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வோர் ஆகஸ்டிலும் பட்டியலின் அடியில் வைக்கும் அணிக்கு நீங்கள் ஒதுக்கும் நான்கு வரியில் ஒன்றையாவது உதவிக் கோச்சுகளுக்குக் கொடுங்கள். அந்த 1-10 சீசனில் மன்ஹாட்டனில் இளம் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் பாப் ஸ்டூப்ஸ். 2000ல் அவர் ஓக்லஹோமாவின் தலைமைக் கோச்சாகத் தேசியப் பட்டம் வென்றார். அந்தப் பாதையில் பிக் 12 இறுதியில் அவர் 27-24 என்று வென்ற அணி கான்சாஸ் ஸ்டேட்.